மாதிரிக்கு ஒன்று

துலூத் நகரத்து நெடுஞ்சாலையில்
எடைமேடை என் பொறுப்பு.
லாரிகள் ஏறி நிற்கும்.
எண் சிவப்பில் எரியும்.
கூடுதல் என்றால் சீட்டு எழுதிக் கிழித்துக் கொடுப்பேன்.
பதினோரு வருடமாக இதுதான்.
அதனால் எடை என்ற சொல்லுக்கு
நான் கூசுகிறவள் இல்லை
என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் கடையில்
வாசலில் நின்ற பெண் என்னைத் தாண்டி
தங்கை காய்சாவிடம் கை நீட்டினாள்:
"வாழ்த்துகள், கல்யாணப் பெண்ணே."
காய்சா கட்டைவிரலால் என்னைக் காட்டினாள்.
அங்கே எனக்குப் பொருந்தியது முக்காடு மட்டும்.
அதையே மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தார்கள்.
காதணி காட்டினார்கள். செருப்பு காட்டினார்கள்.
கழுத்துக்கும் கணுக்காலுக்கும் நடுவே
நான் இல்லவே இல்லாத மாதிரி
ஒரு மணி நேரம் இனிமையாகப் பேசினார்கள்.

இரண்டாவது கடையில் பத்தாம் அளவு கவுனை
சமையல் ஏப்ரன் போல என் முன்னால் பிடித்து
தச்சன் பலகையை இறுக்கும் இடுக்கிகளால்
தோளோடு மாட்டினார்கள்.
"கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள்."
செய்தேன்.
மூன்று கண்ணாடியிலும் ஒரே ஆள்,
முன்பக்கம் மணப்பெண்,
பின்பக்கம் உள்பாடியும் குளிரும்.

விலைச்சீட்டின் கடைசி வரி:
இருபதாம் அளவுக்கு மேல் கூடுதல் கட்டணம்.
சிரித்துவிட்டேன்.
இந்தச் சீட்டை நானல்லவா தினமும் எழுதுகிறேன்!
லாரிக்காரனுக்காவது
பாதியை இறக்கி வைத்துவிட்டு
மறுபடி ஏறி நிற்க வழி உண்டு.

காரில் காய்சா அழுதாள்.
நான் புகைமீன் சாண்ட்விச் தின்றேன். முழுசாக.
லைலிடம் எதுவும் சொல்லவில்லை.
எதைப் போட்டாலும் நீ அழகு என்பான்.
எனக்கு வேண்டியிருந்தது
அந்த "எது".

மூன்றாவது கடை பாலத்துக்கு அக்கரையில்,
பனித்துளை மீன்பிடிச் சாமான் விற்கிற இடத்துக்கு மாடியில்.
வெர்னா, வாயில் குண்டூசிகளோடே பேசுகிறவள்,
"இருபத்தாறில் மாதிரிக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கு.
பார்க்க நல்லா இருக்காது, சொல்லிட்டேன்" என்றாள்.

மற்றதெல்லாம் உறைக்குள் மொடமொடவென்று தொங்க
இது மட்டும் நைந்திருந்தது.
கீழ்விளிம்பு சாம்பல்.
ஜிப் இரண்டு முறை மாற்றியது.
கழுத்தோரம் யாருடையதோ உதட்டுச்சாயம்,
அக்குளில் பல பேருடைய பதற்றம்.
இந்த ஏரிக்கரை நெடுக
என்னளவு பெண்கள் அத்தனை பேரும்
இந்த ஒன்றுக்குள்தான் நுழைந்து பார்த்திருக்கிறார்கள்.

ஜிப் ஏறியது.
மேலே வரை. சத்தமில்லாமல்.
வெர்னா வாயிலிருந்து ஊசிகளை
ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"புதுசு வரவழைக்கிறேன். நாலு மாசம் ஆகும்."
"இதுவே போதும்."
"அழுக்கு."
"தெரியும்."

பின்சீட்டில் படுக்கவைத்து பெல்ட் போட்டோம்.
பாலத்தில் ஏறியபோது
கீழே இரும்புத்தாதுக் கப்பல் ஒன்று
கழுத்து வரை ஏற்றிக்கொண்டு
நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, வேலை நேரத்தில்
வெர்னாவிடமிருந்து போன்.
இழுத்தாள். இருமினாள்.
ஆஷ்லாந்திலிருந்து ஒரு பெண் சனிக்கிழமை வருகிறாளாம்,
போட்டுப் பார்க்க வேறொன்றும் இல்லையாம்,
ஒரு மணி நேரத்துக்கு மட்டும்...
மேடையில் மரலாரி ஒன்று நின்றிருந்தது,
எண் சிவப்பில்.
எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

இப்போது கடைக்குக் கீழே
இஞ்சினை அணைக்காமல் காத்திருக்கிறேன்.
மாடி ஜன்னலில் வெள்ளையாக ஏதோ அசைகிறது.
உதட்டுச்சாயம் பூசி வந்திருந்தால்
பார்த்து நுழையச் சொல்லியிருக்கலாம்.
மறந்துவிட்டேன்.